லக்ஷ்மிநாராயணன் சாரின் வீச்சு

புதுப்பட்டினத்தில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் லக்ஷ்மிநாராயணன் சார் வீடு எது என்று கேட்க வேண்டியதில்லை. சாயங்காலம் எந்த வீட்டிலிருந்து சண்டைச் சத்தம் வருகிறதோ, அதுதான். சண்டை போடுகிறவர்கள் இருவர். ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்பார். நான் முதல் நாள் போனபோது, குனிந்து நின்றவருக்குத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்போல என்று நினைத்தேன்.

அது 2006 மார்ச். சாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் பாதிக்கப்படாமல் தப்பியிருந்தது. எனக்கு முன்னால் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் சீக்கிரமே வேலையை விட்டுப் போய்விட்டாள். பெரியவர் ஓயாமல் திட்டுகிறார் என்று காரணம் சொன்னாளாம். அவர் திட்டவில்லை, தர்க்கம் செய்தார். அவளுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

நான் செங்கல்பட்டில் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி எடுத்தவள். படுத்திருப்பவரைப் புரட்டுவது, உட்கார வைப்பது, நிறுத்துவது, குளிப்பாட்டுவது எல்லாம் முறையாகக் கற்றவள். கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் புல்தரையில் நடந்துபோவது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அந்த வீட்டில் இருந்தபோது காதில் விழுந்ததையும், சாரும் அவர் மனைவி சாரதாம்பாளும் சொன்னதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சாருக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம் சூலூர். இளம் வயதில் குன்னூர் அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஊரைவிட்டுப் போகும்போது, ஸ்டிக்குகள் அடுக்கிய தன்னுடைய பழைய கோல்ஃப் பையை இவரிடம் தள்ளிவிட்டுப் போனார். கல்யாணத்துக்கு முன்பே அந்தப் பை வந்துவிட்டது என்பதைச் சாரதாம்பாள் அடிக்கடி நினைவூட்டுவார். பிறகு கல்பாக்கத்தில் பொறியாளர் வேலை கிடைத்தது. மனைவி, மகள், பை எல்லாரும் கடற்கரைக்கு வந்தார்கள். விளையாட இடம் இல்லை. பல வருஷம் பை கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இவரைப்போல விருப்பம் உள்ள ஐந்தாறு பேர் சேர்ந்து, கடப்பாக்கம் போகிற வழியில் சவுக்கு வெட்டியபின் சும்மா கிடந்த ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஒன்பது குழி வெட்டினார்கள். கடலோர மணலில் புல் எங்கே பிடிக்கும்? குழியைச் சுற்றி வட்டமாக மணலைப் பரப்பி, வண்டிகளிலிருந்து மாற்றி எடுத்த பழைய இன்ஜின் ஆயிலை அதில் ஊற்றி, உருளை விட்டு இறுக்குவார்கள். மணல் பறக்காது, பந்தும் ஓடும். அதற்குப் பெயர் பிரவுன். காலடித் தடம் பதிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் கட்டையில் சாக்கைச் சுற்றி இழுத்து வழியைச் சமப்படுத்த வேண்டும். ஒருவர் பந்தை உருட்டும் வழியை அவருடைய எதிராளிதான் இழுத்துத் தர வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யார் யாரோடு சண்டையாக இருந்தாலும் சாக்கை மட்டும் ஒழுங்காக இழுத்துத் தருவார்களாம்.

ஆயில் அப்பாசாமியின் வேன்களிலிருந்து வந்தது. குடையைத் தலைகீழாகப் பிடித்து நின்றவர் இவர்தான். திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். விவசாயத்தை அண்ணன்களிடம் விட்டுவிட்டு, ஊழியர்களையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்குகிற வேன்களை ஓட்டினார். குட்டையான, அகலமான ஆள். ஒருநாள் டின்னில் ஆயிலைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, இவர்கள் விளையாடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சார் ஒரு ஸ்டிக்கை நீட்டி, "சிரிக்கறது சுலபமுங்க. ஒண்ணு அடிச்சுக் காட்டுங்க" என்றாராம்.

முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது வீச்சில் மணல் பறந்தது. மூன்றாவதில் பந்து சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போய்விட்டது.

"இன்னா சார் இது, எனுக்கே தெரியாம போயிடுச்சு" என்று அப்பாசாமி ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைக்காமலே வந்தார். அதன்பிறகு வராத ஞாயிற்றுக்கிழமையே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சார் சூலூருக்குத் திரும்பிப் போகாமல் புதுப்பட்டினத்தில் வீடு வாங்கியதற்குக் காரணம் அந்த நிலம்தான். மனைவியிடம் கடல் காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்லியிருந்தார். சுனாமிக்குப் பிறகு கடலோரமாக இருந்த இரண்டு குழிகள் போய்விட்டன. மிச்சம் ஏழில் ஆடினார்கள்.

தகராறு 2005இல் வந்தது. சாரின் மகள் ஹரிப்ரியா கேளம்பாக்கத்தில் குடியிருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. அமெரிக்கா போய்த் திரும்பும்போது அப்பாவுக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். உலகத்தில் உள்ள கோல்ஃப் வீச்சுகள் எல்லாம் இரண்டே சாதி என்றது அந்தப் புத்தகம். எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பந்தை அடிக்க ஸ்டிக்கைப் பின்னால் கொண்டுபோகும்போது தோள் ஒரு சாய்வில் திரும்புகிறது. கையும் அதே சாய்வில், தோளை ஒட்டியே சுற்றிப் போனால் அது ஒன் பிளேன். அதற்கு நன்றாகக் குனிய வேண்டும். தோள் தன்பாட்டுக்குத் திரும்ப, கை தனியாக மேலே ஏறித் தோளைத் தாண்டிப் போனால் அது டூ பிளேன். அதற்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தலையணை கொடுக்க உடம்போடு திரும்புகிறோம். மேல் தட்டிலிருந்து மருந்து டப்பாவை எடுக்கக் கையை உயர்த்துகிறோம். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒன்றின் விதியை இன்னொன்றில் கலந்தால் வீச்சு கெட்டுவிடுமாம்.

சார் உயரம், ஒல்லி. தன்னுடையது டூ பிளேன் என்று முதல் அத்தியாயத்திலேயே முடிவு செய்துவிட்டார். அப்பாசாமிக்கு இங்கிலீஷ் புத்தகம் வாசிக்க வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும் சாரே வரிவரியாகத் தமிழில் சொன்னார். எதிர்க்கட்சியின் நியாயத்தைக் குறைத்துச் சொல்வது அவருக்கு ஆகாது. ஒன் பிளேன் பகுதியை இரண்டு முறை விளக்கியிருக்கிறார். அப்பாசாமி படங்களைப் பார்த்தார், தன் வயிற்றைப் பார்த்தார், குனிந்து நின்று பார்த்தார். ஒரு மாதத்தில் சாரையே தோற்கடிக்கும் அளவுக்கு ஒன் பிளேன்காரர் ஆகிவிட்டார்.

"பாம்பை வளர்க்கறாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். எதிர்க்கட்சியை வளர்த்த ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்பார் சாரதாம்பாள்.

ஆறு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் குளியலறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சார் இடது பக்கமாகச் சரிந்து விழுந்தார்.

நான் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. நோயாளிகள் பொதுவாகக் கழிவறைக்குத் தானாகப் போக வேண்டும் என்பார்கள். பேரப்பிள்ளை கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். இவருக்கு மூன்றாம் குழி தொடங்கும் இடத்தில் நின்று ஒரு பந்தை அடிக்க வேண்டும். அந்த இடத்தில் நின்றால் நேர் எதிரே கடல் தெரியுமாம். ஒரே ஒரு பந்து, அதுவும் தன்னுடைய வீச்சில். வேறு எதையும் அவர் கேட்டதில்லை.

வீட்டுக்குள் யார் நுழைந்தாலும், "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுங்க?" என்று கேட்பார். பால்காரரிடம் கேட்பார், கேஸ் கொண்டு வருபவரிடம் கேட்பார். தெற்கிலிருந்து என்றால், "அப்ப மூணாவதுல வலது பக்கம் தள்ளி அடிக்கோணும்" என்று சொல்லிக்கொள்வார். நடைப் பயிற்சிக்குக் கொடுத்த நாலு கால் ஊன்றுகோலை வலது கையில் பிடிக்கும்போது, விரல்கள் தாமாகவே ஸ்டிக்கைப் பிடிக்கிற மாதிரி போய் உட்காரும். "சார், இது ஊன்றுகோல். உள்ளங்கை பதியணும்" என்று தினமும் பிரித்துவிடுவேன்.

பயிற்சி கற்றுக்கொடுக்க ஸ்ரீதேவி என்ற பெண் செங்கல்பட்டிலிருந்து வாரம் ஒருமுறை வருவாள். மற்ற நாட்களில் அதை நான் செய்ய வைக்க வேண்டும். முக்கியமானது கோர்த்த கைப் பயிற்சி. நல்ல கையின் விரல்களை விழுந்த கையின் விரல்களோடு கோர்த்து, இரண்டையும் சேர்த்து முன்னால் நீட்டி, மெதுவாக உயர்த்த வேண்டும். தோள் மட்டத்தில் நிறுத்திவிட வேண்டும். சாருக்கு இடது தோள் மூட்டு தளர்ந்து கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. அதற்கு மேல் தூக்கினால் உள்ளே கிழியும்.

இந்த விஷயம் அப்பாசாமிக்குத் தெரிந்த அன்றிலிருந்து அவருடைய தர்க்கத்துக்கு ஒரு புதிய கை முளைத்தது. சாயங்கால வண்டியை நிறுத்திவிட்டு நேராக வருவார். காப்பியை வாங்கி ஜன்னல் கட்டையில் வைப்பார். குடையை எடுப்பார்.

"சார், நல்லா கேளு. ஒன் பிளேன்னா கை தோளுக்கு மேல போவவே வாணாம். தோளு போற எடத்துக்குப் போயிட்டு வந்தாப் போதும். அந்த புக்கே உனுக்கோசரம் எழுதன மாதிரி கீது."

"எனக்காக எழுதலீங்க. உங்களை மாதிரி குட்டை ஆளுகளுக்காக எழுதினது."

"குட்டையா கீறவன்தான் போன வருசம் உன்ன நாலு ஆட்டத்துல ஜெயிச்சான்."

"காத்து உங்க பக்கம் இருந்துச்சு."

"நாலு நாளும் காத்து என் சம்பந்தியா சார்?"

சார் கோர்த்த கையை மடியில் போட்டுவிட்டுப் பாயிண்டுகளை எடுப்பார். குனிந்து அடித்தால் முதுகு போய்விடும். பந்து தாழப் போகும். கடல் காற்றில் உயரப் போகிற பந்துதான் மெதுவாக வந்து இறங்கும், பிரவுனில் நிற்கும். அப்பாசாமி விடமாட்டார். உயரப் போகிற பந்தைக் காற்று கொண்டுபோய் ஆட்டு மந்தைக்குள் போட்ட கதைகளைத் தேதியோடு எடுத்துவிடுவார். நடுவில் நான், "சார், கையைக் கோர்த்துத் தூக்குங்க" என்பேன். ஆத்திரத்தில் மளமளவென்று தூக்குவார். சாதாரணமாக ஐந்து முறையில் அலுத்துப்போகிறவர், அப்பாசாமி இருக்கும்போது இருபது முறை தூக்குவார். எனக்கு அது போதும். பயிற்சி நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

ஒருநாள் அப்பாசாமி குடையைக் கீழே வைத்தார். குரலையும் இறக்கினார்.

"சார், பேஜாரு பண்ணாத. நீ மேல தூக்கி அடிக்கிறவன்தான், ஒத்துக்கிறேன். இப்பத் தூக்க முடியலயே. என் பக்கம் வந்துடு. ரெண்டு மாசத்துல மூணாவது குழியாண்ட நிக்க வைக்கிறேன். நான் புடிச்சுக்கிறேன் உன்ன."

"தூக்குவேனுங்க."

"எப்ப?"

"தூக்குவேன். நீங்க காப்பியைக் குடிங்க, ஆறுது."

மழைக்காலம் வந்தது. கால் ஓரளவு தேறியது. பிடித்துக்கொண்டால் நின்றார், ஊன்றுகோலோடு ஹாலின் குறுக்கே நடந்தார். இடது கை விரல் ஒன்றுகூட அசையவில்லை. இவ்வளவு மாதம் அசையாத விரல் பிறகு அசைவது அபூர்வம். ஸ்ரீதேவியும் சமையலறையில் வைத்து என்னிடம் அதையே சொன்னாள். மகளிடம் சொன்னோம். அப்பாவுக்கு இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றாள் ஹரிப்ரியா. சரி என்றேன். நானாக வாய் திறக்கவில்லை.

நவம்பரில் ஒரு மதியம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கை என் மடியில் இருந்தது.

"சிஸ்டர், உங்ககிட்ட நேராக் கேக்கறேன். நேராச் சொல்லோணும். இந்தக் கை தலைக்கு மேல வருமா?"

கேட்டவரிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. "வராது சார். நல்ல கை கூட்டிட்டுப் போனா தோள் மட்டம் வரைக்கும் வரும். அதுக்கு மேல வராது" என்றேன்.

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

தலையை ஆட்டினார். மிச்சம் இருந்த இரண்டு விரலுக்கும் நகம் வெட்டி முடித்தேன். கையைத் தலையணைமேல் எடுத்து வைத்தேன். நன்றி சொன்னார்.

அன்று சாயங்காலம் அப்பாசாமி வந்தார். மழையில் நனைந்த குடையை உதறி, அதையே ஸ்டிக்காகப் பிடித்துக் குனிந்தார். இடுப்பு எவ்வளவு வளைய வேண்டும் என்பதில் அன்று புதிதாக ஒரு கருத்து வைத்திருந்தார். பாதி சொல்லியிருப்பார்.

"நீங்க சொல்றதுதானுங்க சரி" என்றார் சார்.

அப்பாசாமி குனிந்தபடியே தலையை மட்டும் தூக்கினார். "இன்னா?"

"ஒன் பிளேன்தான் நல்லது. யோசிச்சுப் பார்த்தேன். உங்க பக்கம்தான் நியாயம் இருக்குது."

"கிண்டலா சார்?"

"கிண்டல் இல்லீங்க. அந்தப் புத்தகம் அலமாரியில இருக்குது, எடுத்துட்டுப் போயிருங்க. படம் பாத்துக்கலாம்."

அப்பாசாமி என்னைப் பார்த்தார். நான் பயிற்சிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சாரதாம்பாளைப் பார்த்தார். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஒன்றரை வருஷமாக எந்த வார்த்தைக்காகத் தொண்டை கிழியக் கத்தினாரோ, அந்த வார்த்தை கிடைத்துவிட்டது. அப்பாசாமி காப்பியைத் தொடவில்லை. புத்தகத்தையும் எடுக்கவில்லை. "வண்டில ஒரு வேல கீது, பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். மழை பெய்துகொண்டிருந்தது. குடையை விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வரவில்லை. மூன்று வாரம் ஆகியும் வரவில்லை.

சார் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், பாதியில் போதும் என்றார். டிவியில் என்ன ஓடுகிறதோ அதைப் பார்த்தார். கையைக் கோர்க்கச் சொன்னால் கோர்த்தார். தூக்கச் சொன்னால் ஒருமுறை தூக்கினார். பால்காரர் தாமாகவே, "தெக்கத்திக் காத்து சார் இன்னைக்கு" என்றார். "அப்படீங்களா" என்றார் சார். நல்ல நோயாளி என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். இப்படி நல்லவர்களாக மாறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் முதுகில் புண் வரும், பிறகு சளி கட்டும்.

"சத்தம் தாங்க முடியலீன்னு நான்தான் சொன்னேன்" என்றார் சாரதாம்பாள் என்னிடம். சமையல் மேடையை நின்று துடைத்துக்கொண்டிருந்தார். "இப்ப வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதுங்க, ஞானம்மா."

நான் அப்பாசாமிக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அன்று மதியம் சார் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் ஒத்துக்கினாரா?" என்றார்.

"ஆமா."

"எனுக்கு எதுக்குமா அந்த ஜெயிப்பு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வேன் வந்து நின்றது. நடு சீட்டைக் கழற்றிவிட்டு, சக்கர நாற்காலி ஏறப் பலகை போட்டிருந்தார். சாரதாம்பாள் வாசலிலேயே மறித்தார்.

"எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க? கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது?"

"சிஸ்டர் வர்றாங்கமா. நான் கீறேன். கிரவுண்டைப் பாத்துட்டு நாஸ்தாவுக்குள்ள வூட்ல கொணாந்து வுட்டுடறேன்."

"அவருக்கு ஆசையைக் காட்டி மோசம் பண்ணாதீங்க."

"ஆசைதான் போயிடுச்சேமா" என்றார் அப்பாசாமி.

சாரதாம்பாள் உள்ளே போய்ச் சாரின் தொப்பியைக் கொண்டுவந்து அவர் தலையில் வைத்தார். சார் வர மறுக்கவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. தள்ளின பக்கம் போகிறவர்போல வந்தார்.

மூன்றாம் குழி தொடங்கும் இடம் சற்று மேடு. மழைக்குப் பிறகு மணல் இறுகியிருந்தது, நாற்காலி புதையவில்லை. ஆடுகள் தள்ளி மேய்ந்தன. சவுக்குகளுக்கு நடுவே கடல் தெரிந்தது. பிரேக்கைப் போட்டேன். சார் கடலைப் பார்க்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் இருந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாசாமி வேனிலிருந்து ஒரு ஸ்டிக்கை எடுத்து வந்தார். சாருடைய பையிலிருந்த ஸ்டிக். வழக்கம்போல் குனியவில்லை. தொப்பையை உள்ளே இழுத்து நிமிர்ந்து நின்றார்.

"பாரு சார். இது நானில்ல. நீ."

தொப்பி இல்லாத தலையில் தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டார். இடது குதிகாலை மணலில் இரண்டுமுறை அழுத்தினார். ஸ்டிக்கின் தலையைப் பந்து இருக்க வேண்டிய இடத்துக்குப் பின்னால் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். தொண்டையைச் செருமினார். எல்லாம் சார் செய்வது. தண்ணீர் டம்ளரை எடுப்பதற்கு முன்னால்கூட அவர் அப்படித்தான் செருமுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாசாமி சிரிக்கவில்லை. நீண்ட கையும் ஒல்லி உடம்பும் உள்ளவர்போல நிதானமாகப் பின்னால் திரும்பி, ஒரு நொடி நின்று, வீசி முடித்தார். பந்து கிடையாது.

சார் மணலிலிருந்து கண்ணை எடுத்துவிட்டார்.

தன் வீச்சை ஒருவரும் தானே பார்த்திருக்க முடியாது. அவர்கள் ஆடிய நிலத்தில் படம் பிடிக்க ஆளும் இல்லை, கருவியும் இல்லை. முதன்முதலில் ஸ்டிக்கைப் பிடித்து நாற்பது வருஷம் ஆனவர், தன் வீச்சு எப்படி இருந்தது என்று அன்றுதான் பார்க்கிறார், அதுவும் இன்னொருவர் உடம்பில்.

"இன்னொரு தடவை" என்றார்.

அப்பாசாமி மறுபடி வீசினார்.

"நிறுத்துங்க. மேல போனதும் அப்படியே நில்லுங்க. ம். கை அங்கதான் நிக்குமா?"

"அங்கதான் நிக்கும்."

"தப்புங்க. அது தோளோட நிக்குது. நான் மேல போவேன்."

"போவமாட்ட சார். போறதா நெனச்சுகினு இருந்த. பின்னால நின்னு பாத்தவன் நானு. பதினாலு வருசமா உன் முதுகைத்தான் பாத்துகினு கீறேன். உன்னுது ஒன் பிளேன்தான்."

"என்னுதா?"

"உன்னுதேதான். நீதான் ஒத்துக்க மாட்டன்ற."

அப்பாசாமி உண்மையைச் சொன்னாரா, சாரை உசுப்பிவிடச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டபோதும் சொல்லவில்லை. சாரின் முகத்தில் ரத்தம் ஏறியது. அந்த மூன்று வாரத்தில் முதல்முறையாக.

"ஏனுங்க, வாய் கூசாமப் பேசறீங்க? பதினாலு வருசம் பார்த்த லட்சணமா இது? சிஸ்டர், என்னை எழுப்புங்க. இவருக்குக் காட்டோணும்."

எழுப்பி நிறுத்தலாமா என்று கணக்குப் போட்டேன். தரை இறுகியிருந்தது. இரத்த அழுத்தம் காலையில் சரியாக இருந்தது. இடுப்புப் பட்டை கட்டியிருந்தேன். நாற்காலியை அவர் பின்னங்காலில் முட்டும்படி வைத்தேன். இடது முழங்காலுக்கு என் முழங்காலை அணை கொடுத்து, "மூக்கு முன்னால, சார். எழுந்திருங்க" என்றேன். எழுந்தார். அவர் நின்றதும் பின்பக்கமாகப் போய்ப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வலது கையால் இடது கையைத் தேடி எடுத்தார். விரல்களைக் கோர்த்தார். குதிகாலை அழுத்தப் பார்த்தார், அது அழுந்தவில்லை. தொண்டையைச் செருமினார். தோள் வலது பக்கம் திரும்பியது. கோர்த்த கைகள் எழுந்தன, மார்பைத் தாண்டித் தோள் மட்டத்துக்கு வந்தன, நின்றன.

"அதுக்கு மேல வேண்டாம் சார்" என்றேன்.

"தெரியுமுங்க." அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்பாசாமி, இது இல்லீங்க. இதுக்கு மேல."

அப்பாசாமி ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு வந்தார். தன் கையைச் சாரின் கைக்கு மேலே காற்றில் நிறுத்தினார். "இங்கயா?"

"இன்னும் மேல."

குட்டை ஆள், குதிகாலைத் தூக்கி எக்கி நின்றார். "இங்க?"

"மேலதான். கொஞ்சம் பின்னால போங்க. இல்ல, அவ்வளவு வேண்டாம். ம். அங்க."

"இங்கயா சார்?"

"அங்கதான்."

சார் தலையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய கைக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். அங்கே ஒன்றும் இல்லை, வெயில்தான் இருந்தது. அவர் பார்த்த விதத்தை நான் பல கட்டில்களுக்குப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன், ஆனால் அவர்கள் எல்லாம் யாராவது வருவார்களா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டை வழியாக அவருடைய இடது தொடை நடுங்குவது என் கைக்குத் தெரிந்தது.

"உக்காரலாம் சார்."

"இருங்க சிஸ்டர்."

இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறகு பட்டையை இழுத்து நாற்காலியில் இறக்கினேன். இடது கையை எடுத்து மடியில் வைத்துத் துண்டைச் சுருட்டி அணை கொடுத்தேன். அப்பாசாமி இன்னும் எக்கி நின்றுகொண்டிருந்தார். கையை இறக்கினால் இடம் தவறிவிடும் என்பதுபோல.

"இந்த ஒசரமா சார்? நெஜமாவா?"

"அதுதானுங்க டூ பிளேன்" என்றார் சார். "நல்லாப் பாத்துக்கங்க."

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"யாரு கேட்டா உங்களை?"